டவுன்லோடு வேண்டாம், லாகின் வேண்டாம்: பிரவுசரிலேயே கேம் விளையாடுவது எப்படி

பத்து நிமிஷம் சும்மா கிடைக்கிறது, ஏதாவது விளையாடலாம் என்று தோன்றுகிறது. ஆப் ஸ்டோரில் ஒரு கேமை இறக்கப் போனால் ஒன்றரை ஜிபி என்று காட்டும். அது இறங்கி முடிந்ததும் உள்ளே போனால் இன்னொரு அப்டேட். அப்புறம் மெயில் ஐடி கொடு, பிறந்த தேதி கொடு, படிக்கவே முடியாத நிபந்தனைகளை ஒத்துக்கொள். கேம் ஒருவழியாகத் திறக்கும்போது அந்தப் பத்து நிமிஷம் போயே போயிருக்கும். இந்த மாதிரி நேரத்துக்கென்றே இருப்பவைதான் பிரவுசர் கேம்கள். முகவரியைத் தட்டினால் திறக்கும், போதும் என்று தோன்றினால் டேபை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் 'ஃப்ரீ ஆன்லைன் கேம்ஸ்' என்று தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வந்து விழுவதில் நல்லதைவிடக் குப்பைதான் அதிகம். அதனால் நான் ஒரே ஒரு விதியை வைத்திருக்கிறேன்: ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கம் என்னிடம் எதையும் கேட்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் சேர், ஒரு சின்ன ஃபைலை மட்டும் இறக்கிக்கொள், நோட்டிஃபிகேஷனை அனுமதி, மொபைல் எண்ணைக் கொடு என்று எதைக் கேட்டாலும் சரி, யோசிக்காமல் மூடிவிடுவேன். ஒரு விளம்பரம் ஓடி முடியும்வரை காத்திரு என்றால் காத்திருப்பேன், இலவசமாக விளையாடும்போது அது நியாயமான விலைதான். அதற்கு மேல் கேட்டால் அது கேம் தளமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேடாமலே கிடைப்பவை

முதல் கேம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. நெட் போனால் குரோமில் வருமே, ஒரு குட்டி டைனோசர், அதுதான். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஓட ஆரம்பிக்கும், போனில் என்றால் திரையைத் தட்டினால் போதும். நெட் இருக்கும்போதே விளையாட வேண்டுமென்றால் அட்ரஸ் பாரில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அதை ஒட்டி டைனோ என்று தட்டி என்டர் கொடுங்கள். 2014-ல் வந்த இந்த கேமுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. செய்தவர்களே, ஆடி முடிக்க 1.7 கோடி ஆண்டுகள் ஆகும் என்று வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். பலருக்குத் தெரியாத விஷயம், கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் டைனோசர் குனியும். பறவைகள் வர ஆரம்பித்த பிறகு குதித்துக்கொண்டே இருப்பவர்கள்தான் சீக்கிரம் அவுட் ஆகிறார்கள். இன்னொன்று, குதித்து அந்தரத்தில் இருக்கும்போது அதே கீழ் அம்புக்குறியை அழுத்தினால் சட்டென்று தரைக்கு வந்துவிடும், அடுத்தடுத்து கள்ளிச்செடி வரும் இடத்தில் இது உயிர் காக்கும்.

எட்ஜ் பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு டைனோசருக்குப் பதில் அலைச்சறுக்கு. அதே முறையில் எட்ஜ் என்று போட்டு, கடைசியில் சர்ஃப் என்று தட்டினால் வரும். எனக்கு டைனோசரைவிட இதுதான் பிடிக்கும், ஓட்டுவதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

சாலிட்டேர், ஸ்நேக், மைன்ஸ்வீப்பர், டிக் டாக் டோ ஆகியவற்றின் பெயரை ஆங்கிலத்தில் கூகுளில் தட்டினாலே தேடல் முடிவுகளுக்கு மேலே ஒரு பெட்டியில் கேம் வந்து நிற்கும், எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம். பேக்மேனும் அப்படித்தான். அந்த விளையாட்டு வந்து 30 ஆண்டு ஆனதற்காக 2010 மே மாதம் கூகுள் தன் லோகோவையே பேக்மேன் கட்டமாக மாற்றியது, அதை இன்றும் விளையாடலாம். அந்த முகப்பில் 'இன்சர்ட் காயின்' என்ற பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் இரண்டாவது ஆளாக மிஸ் பேக்மேன் வருவாள். ஒருவர் அம்புக்குறிகளில், இன்னொருவர் டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளில் என்று ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடலாம்.

கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள்

கேம் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது எந்த வகை என்பதை அல்ல, எப்போது வேண்டுமானாலும் பாதியில் விட முடியுமா என்பதைத்தான். ஆபீஸில் ஒரு ஃபைல் அப்லோடு ஆகும்வரை விளையாடுகிறீர்கள் என்றால், நடுவில் எழுந்து போனாலும் அப்படியே காத்திருக்கிற கேம் வேண்டும். அந்த வகையில் 2048-ஐ அடித்துக்கொள்ள ஆளில்லை. கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயது இத்தாலிக்காரர் 2014 மார்ச்சில் ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது. 16 கட்டம், ஒரே மாதிரி இரண்டு எண்கள் மோதினால் சேர்ந்து இரட்டிப்பாகும், 2048 வந்தால் ஜெயம். நிரலை அவர் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டதால் இன்று இதற்கு எண்ணவே முடியாத நகல்கள் இருக்கின்றன. பல நகல்களில் கட்டத்தைவிட விளம்பரம்தான் பெரிதாக இருக்கும், அதனால் அவர் பெயர் போட்டிருக்கும் மூலப் பக்கத்தையே திறங்கள்.

இதில் தோற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு வழி. ஒரு மூலையை முடிவு செய்துகொள்ளுங்கள், வலது கீழ் மூலை என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண் எப்போதும் அங்கேதான் உட்கார வேண்டும். கீழ், வலது, இந்த இரண்டு அம்புக்குறிகளை மட்டும் மாற்றி மாற்றி அழுத்துங்கள், நகரவே வழியில்லை என்றால் இடது. மேல் அம்புக்குறியை மறந்தேவிடுங்கள். வேறு வழியே இல்லாமல் மேலே அழுத்த வேண்டி வந்தால் அடுத்த நொடியே கீழே அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் பெரிய எண் இருந்த மூலையில் ஒரு 2 வந்து குந்திக்கொள்ளும், அதோடு அந்த ஆட்டம் முடிந்தது. இதை மட்டும் கடைப்பிடித்தாலே 512, 1024 சாதாரணமாக வரும்.

இன்ஃபினிட் கிராஃப்ட் என்று ஒன்று, நீல் அகர்வால் என்பவர் 2024-ல் வெளியிட்டது. நீர், நெருப்பு, காற்று, நிலம், இந்த நான்கும் ஆரம்பத்தில் இருக்கும் (ஐம்பூதத்தில் ஆகாயத்தை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்). ஒன்றை இழுத்து இன்னொன்றின் மேல் போட்டால் புதிதாக ஏதாவது பிறக்கும், அதை வேறொன்றோடு சேர்க்கலாம், என்ன பிறக்க வேண்டும் என்பதை ஏஐ முடிவு செய்வதால் இதற்குக் கரையே கிடையாது. எச்சரிக்கை: இது பத்து நிமிஷ கேம் மாதிரி தெரியும், ஆனால் இல்லை.

வேர்டில் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, நாளுக்கு ஒரு ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை, ஆறு வாய்ப்பு, அவ்வளவுதான். நாளுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடே இதன் அழகு.

கொஞ்சம் நேரம் இருக்கிறது, மூளைக்கும் வேலை வேண்டும் என்றால் லிசெஸ். 2010-ல் திபோ டுப்லெஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய செஸ் தளம். விளம்பரம் கிடையாது, காசு கட்டினால்தான் திறக்கும் பகுதி என்று எதுவும் கிடையாது, முழுக்க நன்கொடையில் ஓடுகிறது. கணக்கு தொடங்காமலேயே முன்பின் தெரியாத ஒருவரோடு ஆடலாம், கம்ப்யூட்டரோடு எட்டு நிலைகளில் ஆடலாம், புதிர்கள் போடலாம். நான் மேலே சொன்ன விதிக்கு உதாரணம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். செஸ்ஸே தெரியாது என்றால் அங்கே 'லேர்ன்' பகுதியில் காய் நகர்த்துவதிலிருந்து விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பரபரப்பு வேண்டும் என்பவர்களுக்கு 'ஐஓ' கேம்கள் இருக்கின்றன, முகவரி அந்த இரண்டு எழுத்தில் முடிவதால் அந்தப் பெயர். 2015-ல் வந்த அகாரியோ இந்த அலையைக் கிளப்பியது, அடுத்த ஆண்டே பாம்பு விளையாட்டான ஸ்லிதரியோ வந்தது. ஒரு பெயரைத் தட்டி பிளே என்று அழுத்தினால் அடுத்த நொடி பல பேருக்கு நடுவில் இருப்பீர்கள். ஸ்லிதரியோவில் புதிதாக வருபவர்கள் பெரிய பாம்பைக் கண்டால் ஓடுவார்கள், அவசியமே இல்லை. யாருடைய தலை இன்னொருவர் உடம்பில் முட்டுகிறதோ அவர்தான் காலி, எவ்வளவு பெரிய பாம்பானாலும் இதே கதிதான். நீங்கள் குட்டியாக இருக்கும்போதே அதன் தலைக்கு முன்னால் குறுக்கே வெட்டிப் போகலாம், மோதினால் அதன் உடம்பு முழுக்க உங்களுக்கு இரை. வேகப் பட்டனை மட்டும் அளவாகப் பயன்படுத்துங்கள், அது உங்கள் நீளத்தைத் தின்றுதான் வேகம் கொடுக்கிறது.

எதையாவது உலாவிப் பார்க்கலாம் என்ற மனநிலையில் இருந்தால் போக்கி, கிரேஸிகேம்ஸ் மாதிரி பெரிய தளங்கள் இருக்கின்றன, கணக்கு இல்லாமலே விளையாடலாம், இடையிடையே விளம்பரம் வரும். எனக்கு இவற்றைவிட இட்ச் தளம் நெருக்கமானது. தனியாளாக கேம் செய்பவர்கள் அங்கேதான் கொண்டுவந்து போடுகிறார்கள், 'வெப்' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் பிரவுசரில் ஓடுபவை மட்டும் வரும். பாதி கேம்கள் அரைகுறையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீதியில் சில, வேறு எங்கேயும் பார்க்க முடியாதவை.

கீ வேலை செய்யவில்லை, சத்தம் வரவில்லை

கேம் திறந்துவிட்டது, அம்புக்குறியை அழுத்தினால் ஆள் நகராமல் பக்கம் மேலும் கீழும் போகிறது. இது எல்லோருக்கும் நடப்பது. பிரவுசர் நீங்கள் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, கேம் படத்துக்குள் ஒரு தடவை கிளிக் செய்யுங்கள், சரியாகிவிடும். சத்தம் வரவில்லை என்றாலும் முதல் மருந்து இதே கிளிக்தான், ஏனென்றால் நீங்கள் பக்கத்தைத் தொடும்வரை எந்தத் தளமும் தானாகச் சத்தம் போடக் கூடாது என்று பிரவுசர்கள் சில ஆண்டுகளாகத் தடுத்து வைத்திருக்கின்றன. சத்தமே வேண்டாம் என்பவர்கள் டேபின் மேல் ரைட் கிளிக் செய்து அந்தத் தளத்தை மியூட் செய்துவிடலாம், கேமுக்குள் போய் ஸ்பீக்கர் படத்தைத் தேட வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு வருகிற ஒரு சிக்கல் உண்டு. கீபோர்டு தமிழில் இருக்கும்போது சில கேம்களில் டபிள்யூ, ஏ, எஸ், டி வேலை செய்யாது. கேம் அந்த ஆங்கில எழுத்து வருகிறதா என்று காத்திருக்கும், உங்கள் கீபோர்டோ வேறொரு தமிழ் எழுத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். நான் ஒரு முறை கேம்தான் பழுது என்று முடிவு கட்டி, மூன்று பிரவுசர் மாற்றிப் பார்த்து, கடைசியில் டாஸ்க்பாரில் 'தமிழ்' என்று இருப்பதைக் கண்டு நொந்துகொண்டேன். முதலில் அதைப் பாருங்கள்.

ஓடிக்கொண்டே குனிய வேண்டிய துப்பாக்கி கேம்களில் வேறொரு கண்ணி. குனிவதற்கு கன்ட்ரோல், முன்னே போக டபிள்யூ. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசரின் அகராதியில் அதற்கு 'டேபை மூடு' என்று பொருள்! ஜெயிக்கப் போகிற நேரத்தில் திரை காணாமல் போகும். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேப் திரும்ப வரும், ஆட்டம் வராது. கேம் அமைப்புகளில் குனிவதை சி அல்லது ஷிஃப்டுக்கு மாற்றிவிடுங்கள். ஷிஃப்டுக்கு மாற்றினால் விண்டோஸில் இன்னொரு தொல்லை, ஐந்து தடவை தொடர்ந்து அழுத்தினால் 'ஸ்டிக்கி கீஸ்' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து விழும், அதில் இருக்கும் இணைப்பு வழியாகவே அந்த ஷார்ட்கட்டை ஒரேயடியாக அணைத்துவிடலாம்.

கேம் திரைக்குள் அடங்கவில்லை என்றால் கன்ட்ரோலோடு மைனஸ். பழைய அளவுக்கு வர கன்ட்ரோலோடு பூஜ்யம். முழுத்திரையிலிருந்து வெளியே வர எஸ்கேப். மவுஸ் அம்பு காணாமல் போய் கேமுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அதற்கும் எஸ்கேப்தான்.

சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போகிறது

லாகின் இல்லாத கேமில் உங்கள் ஸ்கோரும் லெவலும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே, அந்தத் தளத்துக்கென்று ஒதுக்கிய ஒரு சின்ன இடத்தில். சாதாரணமாக ஒரு தளத்துக்கு 5 எம்பி அளவு. இதைப் புரிந்துகொண்டால் பல மர்மங்கள் தீர்ந்துவிடும். குரோமில் விளையாடியது ஃபயர்பாக்ஸில் ஏன் தெரியவில்லை, போனில் விளையாடியது லேப்டாப்பில் ஏன் இல்லை என்று கேட்டால், அவை தனித்தனிப் பெட்டிகள், அதனால்தான். இன்காக்னிட்டோ விண்டோவில் விளையாடினால் மூடியதும் எல்லாம் போய்விடும். ஹிஸ்டரி அழிக்கும்போது 'குக்கீஸ் மற்றும் தளத் தரவு' என்ற டிக்கையும் சேர்த்துப் போட்டுவிட்டால், மாதக்கணக்கில் சேர்த்ததும் அதோடு போகும்.

நான் அப்படித்தான் இழந்தேன். ஒரு நாள் பிரவுசர் மெதுவாக இருக்கிறதே என்று 'எல்லா நேரத்தையும்' தேர்ந்தெடுத்து அழித்தேன், மறுநாள் காலையில்தான் குக்கி கிளிக்கரில் என் பிஸ்கட் சாம்ராஜ்யம் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்தேன். 2013-ல் வந்த இந்த கேமில் செய்வதெல்லாம் ஒரு பிஸ்கட்டை அழுத்துவதும், வந்த பிஸ்கட்டை வைத்து இன்னும் வேகமாக பிஸ்கட் செய்வதும்தான்; இதற்குப் போய் துக்கமா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. விஷயம் என்னவென்றால், அந்த கேமின் ஆப்ஷன்ஸில் 'எக்ஸ்போர்ட் சேவ்' என்று ஒரு பட்டன் இருந்தது, அதை அழுத்தினால் நீளமாக ஒரு எழுத்துக் குவியல் வரும், அதை அப்படியே நகலெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொண்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் இம்போர்ட் செய்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாள்கணக்கில் வளர்கிற எந்த கேமை ஆரம்பித்தாலும் முதலில் இந்தப் பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஐபோன், ஐபேட், மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காக சஃபாரி 2020-லிருந்து ஒரு வேலை செய்கிறது. நீங்கள் சஃபாரியைப் பயன்படுத்திய நாட்கள் ஏழு ஆகியும் ஒரு தளத்தின் பக்கமே போகவில்லை என்றால், அந்தத் தளம் சேமித்து வைத்ததைத் துடைத்துவிடும். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் உங்கள் கேமும் சேர்ந்து போகும். ஐபோனில் ஷேர் பட்டனை அழுத்தி, ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து, அந்த ஐகான் வழியாக விளையாடினால் இந்தக் கணக்குக்குள் வராது. ஹோம் ஸ்கிரீனில் சேர்ப்பதில் இன்னொரு லாபம், பல கேம்கள் அட்ரஸ் பார் இல்லாமல் முழுத்திரையில் திறக்கும்.

இங்கேதான் என் விதிக்கு ஒரு விலக்கு. பல மாதம் விளையாடப் போகிறீர்கள், தளமும் நம்பகமானது, கணக்கு தொடங்கினால் சேமித்தது பத்திரமாக இருக்கும் என்றால் தொடங்கலாம். விளையாடிப் பார்த்துப் பிடித்த பிறகு, நீங்களாக விரும்பித் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். வங்கிக்கும் மெயிலுக்கும் வைத்திருக்கும் பாஸ்வேர்டை மட்டும் அங்கே போடாதீர்கள்.

விட்டு விட்டு ஓடினால்

கேம் திணறுவதற்கு இரண்டே காரணம், ஒன்று நெட், இன்னொன்று உங்கள் மெஷின். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மற்ற ஆட்கள் மட்டும் இங்கேயிருந்து அங்கே தாவுகிறார்கள், உங்கள் ஆள் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் நெட். சர்வர் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள், வைஃபை ரூட்டருக்கு அருகில் போங்கள். மொத்தப் படமும் ஸ்லைடு ஷோ மாதிரி வருகிறது என்றால் மெஷின். வேறு டேபுகளை மூடுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள் (பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்), அதற்கும் சரியாகவில்லை என்றால் பிரவுசர் அமைப்புகளில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் (படம் காட்டும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ ஏதோ ஒரு காரணத்துக்காக அதை அணைத்து வைத்திருப்பார்கள். அது அணைந்திருந்தால் முப்பரிமாண கேம் எதுவும் உருப்படியாக ஓடாது.

நாலு பேர் சேர்ந்தால்

பிரவுசர் கேமின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. எல்லோரும் ஒரே கேமை இன்ஸ்டால் செய்திருக்க வேண்டிய அவசியமில்லை, ஒரு லிங்க் அனுப்பினால் போதும். ஸ்கிரிபிளியோவில் தனி அறை ஒன்றைத் தொடங்கி லிங்கை வாட்ஸ்அப்பில் போடுங்கள், ஒருவர் வரைய, மற்றவர்கள் என்ன என்று தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அறை தொடங்குபவர் சொந்த வார்த்தைகளைக் கொடுக்க முடியும் என்பதுதான் இதில் சுவாரசியமே. உங்கள் கூட்டத்துக்கு மட்டும் புரிகிற விஷயங்களைப் போடுங்கள், யாருடைய பட்டப்பெயராவது வந்து விழுந்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்துக்கூட்டலைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள், 'வாழைப்பழம்' என்பதை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள், கேமுக்கு ஒன்றுதான் சரி.

கார்டிக் போனும் இதே குடும்பம்தான், ஒருவர் எழுதிய வரியை அடுத்தவர் வரைய, அந்தப் படத்தை மூன்றாமவர் வார்த்தையாக்க, காதோடு காதாகச் சொன்ன சேதி மாதிரி கடைசியில் வேறெதுவாகவோ மாறி நிற்கும். ஆள் யாரும் கிடைக்கவில்லை, ஆனால் வரைய ஆசை என்றால் கூகுள் 2016-ல் வெளியிட்ட குவிக் டிரா. 20 நொடிக்குள் வரைந்ததை கம்ப்யூட்டர் சத்தம் போட்டுக் கண்டுபிடிக்கும். நீங்கள் கிறுக்குவதையும் அது சேர்த்துவைத்துக் கற்றுக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு விளையாடுங்கள். அப்படிச் சேர்ந்த 5 கோடி கிறுக்கல்களை ஆராய்ச்சிக்காகப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

போர்டு கேம் ரசிகர்களுக்கு போர்டு கேம் அரீனா. இதற்குக் கணக்கு தேவை, சில விளையாட்டுகளைத் தொடங்க ஒருவராவது காசு கட்டியிருக்க வேண்டும், ஆனால் இலவசமாக இருப்பவையே ஏராளம்.

பழைய ஃப்ளாஷ் கேம்கள்

சின்ன வயதில் விளையாடிய ஏதோ ஒரு கேமைத் தேடிப் போனால் 'ஃப்ளாஷ் பிளேயர் தேவை' என்று வருகிறதா? அந்தக் காலத்தில் பிரவுசர் கேம்களை ஓட்டிய மென்பொருள் அது, இப்போது அதைத் தேடி இறக்கிவிடாதீர்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயரே ஃப்ளாஷ் கேம்களை ஓட்ட மறுத்துவிட்டது. அதனால் இன்று 'ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் செய்' என்று ஒரு பக்கம் சொன்னால் அது பொறி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பழைய கேம்கள் அதோடு செத்துவிடவில்லை. ரஃபிள் என்றொரு திறந்தமூல மென்பொருள், ஃப்ளாஷைப் போலவே நடித்து அந்தப் பழைய ஃபைல்களைப் புதிய பிரவுசருக்குள் ஓட்டுகிறது, நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம், தளமே பார்த்துக்கொள்ளும். இன்டர்நெட் ஆர்க்கைவில் 2020 நவம்பரிலிருந்து இப்படி ஒரு ஃப்ளாஷ் தொகுப்பு இருக்கிறது. நியூகிரவுண்ட்ஸ் தளமும் தன் பழைய சரக்கை இதே ரஃபிளை வைத்துத்தான் ஓட்டுகிறது. ஃப்ளாஷுக்கும் முந்தைய டாஸ் காலத்து கேம்களும் ஆர்க்கைவில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்தால் முதலில் சில நொடி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும், பயப்படாதீர்கள், உங்கள் பிரவுசருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரே பூட் ஆகிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து கேம்கள் எந்த கீ எதற்கு என்று சொல்லித் தராது, அதனால் திறப்பதற்கு முன் பக்கத்தின் கீழே யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு

பெரிய பச்சை நிற 'பிளே' பட்டன் இரண்டு மூன்று தெரிந்தால் அவற்றில் ஒன்றுதான் கேம், மற்றவை விளம்பரம். மவுஸை மேலே வைத்தாலே கீழ் மூலையில் அது எங்கே கூட்டிப் போகிறது என்று தெரியும், வேறு தளத்தின் பெயர் வந்தால் விட்டுவிடுங்கள். 'அன்பிளாக்டு கேம்ஸ்' என்ற பெயரில் ஆபீஸ், பள்ளித் தடைகளைத் தாண்டுவதாகச் சொல்லும் பக்கங்கள் பெரும்பாலும் யாரோ செய்த கேமை எடுத்துத் தங்கள் விளம்பரங்களுக்கு நடுவில் வைத்திருப்பவை. விளையாடினால் காசு, வித்டிரா செய்யலாம் என்று வரும் எதுவும் இந்தக் கட்டுரையின் 'இலவச'த்துக்குள் சேராது, அங்கே போகிறவர் காசு கொண்டுவருவதைவிட விட்டுவருவதே அதிகம்.

குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்றால் சாட் இருக்கிற கேமா என்று ஒரு தடவை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பெயர் கேட்கும் இடத்தில் நிஜப் பெயரைத் தட்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள், ஐஓ கேம்களில் அந்தப் பெயர் எல்லோர் திரையிலும் மிதக்கும்.

அப்புறம், 'நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ (அனுமதி) அழுத்தவும்' என்று வந்ததை நம்பி எப்போதோ அழுத்திவிட்டு, இப்போது திரையின் ஓரத்தில் நாள் முழுக்க 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று வந்துகொண்டிருக்கிறதா? அது வைரஸ் இல்லை, அந்தத் தளத்தின் நோட்டிஃபிகேஷன். குரோமில் அமைப்புகள், பிரைவசி, அதற்குள் தள அமைப்புகள், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் வரும். பெயர் தெரியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அதே பக்கத்தில் இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று ஒரு தேர்வும் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். பத்து நொடியில் முடிந்துவிடும், டைனோசரில் ஒரு ஆட்டம் தோற்கிற நேரம்கூட ஆகாது.